இருபத்தெட்டு முகங்கள்

சுக்திதிச் சந்தையில் ஊறுகாய்க் கடையை ஒட்டி
ஷாலிக்கோ ஒரு துணி விரித்திருப்பான்.
பதக்கங்கள், கரண்டிகள், நின்றுபோன கைக்கடிகாரங்கள்,
இல்லாமல் போன ஒரு நாட்டின் லென்ஸ்கள்.
"இதன் இதழ்கள் ஒட்டிக்கொண்டன,
திறக்காது, மூடாது" என்றான்.
பன்னிரண்டு லாரி. பத்துக்குக் கேட்டேன்.
பதினொன்றுக்குத் தந்து
ஒரு கரண்டியை இனாமாகப் போட்டான்.

முன்பின்னாகத் திருப்பி மாட்டினால்
தூரம் பார்க்கச் செய்த கண்
தன் மூக்கு நுனியைப் பார்க்கத் தொடங்கும்.
குழாய்க்காரரின் ரப்பர் வளையம், கறுப்பு டேப்,
ஃப்ளாஷின் வாயில் கவிழ்த்த தயிர் டப்பா.
எத்தனை முறை கழுவியும் வெயிலில் புளிக்கும்.

தெளிவு என்பது இதற்கு
ஒரு தலைமுடித் தடிமன்.
முன்னால் மூடுபனி, பின்னால் மூடுபனி.
எதையும் திருகிப் பயனில்லை,
ஆள்தான் சாயவேண்டும்,
முட்டி மண்ணில், முழங்கை விலாவில்,
விட்ட மூச்சுக்கும் எடுக்கும் மூச்சுக்கும் நடுவே
யாருமில்லாத ஒரு நொடியில் அழுத்தவேண்டும்.
நூறில் தொண்ணூற்றாறு மங்கல்.
மீதி நான்கில் மூன்று,
வெறும் கால்.

அண்ணன் ஜுக்குவின் ஹேசல் தோட்டம்
மூன்று வருடமாக நாற்றப்பூச்சிக்குத்தான் காய்க்கிறது.
ஓடு முழுதாக இருக்கும்,
உடைத்தால் சூம்பிய கசப்பு.
சட்டையில் ஏறியதைக் கட்டைவிரலால் நசுக்குவான்,
முற்றமெல்லாம் கொத்தமல்லி மணக்கும்.
அதனாலேயே அவன் சூப்பில்
கொத்தமல்லி போடுவதை விட்டுவிட்டோம்.

"எதிரிக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாயா, குராந்தா?"
முதுகில் மருந்து டேங்குடன் வந்து நின்றான்.
நான் இலையின் அடிப்பக்கத்தில் இருந்தேன்.
காற்று விடவில்லை.
லென்ஸுக்குள் ஒரு சிறு அசைவு
ஊரையே பெயர்த்துக் கொண்டுபோகிற அசைவு.
"இந்தக் காம்பைப் பிடி" என்றேன்,
திட்டுவான் என்று நினைத்து.

பிடித்தான்.
டீசல் மணக்கும் விரல்கள் நடுங்கின.
நான் சொல்லாமலே மூச்சை நிறுத்தினான்.
கொல்ல வந்தவனும் நானும்
ஓர் இலைக்குக் கீழே
மூச்சில்லாமல்.

திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
முட்டைகள்.
வெளுத்த பச்சையில், தோளோடு தோள் ஒட்டி.
பொரிக்கும் நாள் நெருங்கியதால்
ஒவ்வொன்றின் மூடிக்கு அடியிலும்
இரண்டு சிவப்புப் புள்ளி, ஒரு கறுப்பு முக்கோணம்.
கண்ணும் வாயும் என்றுதான் யாருக்கும் படும்.

ஜுக்கு எண்ணினான், வீட்டு மொழியில்.
கடனை அவன் அந்த மொழியில் எண்ணுவதில்லை.
இருபத்தெட்டு.
ஓரத்தில் இருந்ததைச் சுட்டி,
"இது சிரிக்கிறது" என்றான்.
பிறகு, ஏதோ குற்றம் கண்டுபிடித்தவன் போல,
"மூக்கு இல்லை."

கண்கள் அல்ல அவை என்று நான் சொல்லவில்லை.
அவை எனக்கும் கண்களாகத்தான் இருந்தன.

இரவு சாப்பாட்டில் கேட்டான்,
"எந்த மரம் என்று ஞாபகம் இருக்கிறதா?"
"இல்லை" என்றேன்.
சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

விடியலில் மருந்தடித்தான்.
வங்கிக்குப் பூச்சியின் முகம் தெரியாது,
தவணை மட்டும்தான் தெரியும்.
நானும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தேன்,
ஒவ்வொரு வரிசைக்கும்,
முகத்தில் துணி கட்டிக்கொண்டு.

நூல் கட்டிய கிளைக்கு இரண்டு மரம் முன்னால்
நின்று பட்டையைத் தளர்த்தினான்.
"டேங்க் காலி, போதும் இன்றைக்கு" என்றான்.

முன்னே நடந்தான்.
அவன் முதுகில்
தண்ணீர் தளும்பும் சத்தம்
வீடு வரைக்கும் கேட்டது.